ரெட் ஃப்ளாக் துப்பாக்கிச் சட்டம்: முதலில் பறிமுதல், பிறகு விசாரணை. இது உரிய சட்ட நடைமுறைதானா?

பொட்டல்வெளி:
அமெரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று 'ரெட் ஃப்ளாக்' சட்டம் இருக்கிறது. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடும் என்று போலீஸ் மனு கொடுக்கலாம். சில மாநிலங்களில் குடும்பத்தாரும் கொடுக்கலாம். நீதிபதிக்குச் சரியென்று பட்டால் அந்த நபரின் வீட்டுத் துப்பாக்கிகள் எல்லாம் போய்விடும். குற்ற வழக்கு இல்லை, கைது இல்லை, தீர்ப்பு இல்லை.

என் கேள்வி நடைமுறை பற்றியது மட்டும். முதல் உத்தரவு அவருக்குத் தெரியாமலே பிறக்கிறது. அமெரிக்க அரசமைப்பின் 2-ஆம் திருத்தம் தந்த துப்பாக்கி உரிமையும் காசு கொடுத்து வாங்கிய சொத்தும் போன பிறகுதான் 'நீ என்ன சொல்கிறாய்' என்று கேட்கிறார்கள். 14-ஆம் திருத்தம் பேசும் உரிய சட்ட நடைமுறை இதில் எங்கே நிற்கிறது? எந்த மாநிலம், எத்தனை நாள், எவ்வளவு சான்று என்று குறிப்பாக எழுதுங்கள். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை இங்கே இழுக்க வேண்டாம்.

சட்டநூலகம்:
ஃப்ளோரிடாவை எடுத்துக்கொள்வோம். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண் 790.401. அதன் ஓட்டம் இப்படி:

மனு கொடுக்கக்கூடியது போலீஸ் அல்லது ஷெரீஃப் துறை மட்டும். மனைவியோ மகனோ நேராக நீதிமன்றம் போக முடியாது, போலீசிடம்தான் சொல்ல வேண்டும். மனுவோடு பிரமாணப் பத்திரம் இருக்க வேண்டும். அவர் சொன்னது என்ன, செய்தது என்ன என்று குறிப்பாக எழுத வேண்டும். தெரிந்தவரை எத்தனை துப்பாக்கி, என்ன வகை, எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும்.

மனு கொடுத்த அன்றோ அடுத்த வேலை நாளிலோ நீதிபதி மனுதாரர் தரப்பை மட்டும் கேட்பார். 'மிக அருகில் ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் உண்டு' என்றால் தற்காலிக உத்தரவு போடலாம். பொட்டல்வெளி கேட்கும் ஒருதரப்பு உத்தரவு இதுதான். உத்தரவைக் கொடுத்ததும் துப்பாக்கி, தோட்டா, மறைத்து எடுத்துச்செல்லும் உரிமம் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். எடுத்ததற்கு அதிகாரி ரசீது தர வேண்டும். அந்த ரசீது 72 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

14 நாளுக்குள் இருதரப்பு விசாரணை. இங்கே நிரூபிக்கும் சுமை முழுக்கப் போலீசின் தலையில். அளவுகோலும் மாறிவிடுகிறது: 'தெளிவான, நம்பத்தகுந்த சான்று' வேண்டும். நிரூபித்தால் அதிகபட்சம் 12 மாதம். நிரூபிக்காவிட்டால் மனு தள்ளுபடி, பொருள் திரும்பும்.

உத்தரவு நடப்பில் இருக்கும் காலத்தில் அதை ரத்துசெய்யக் கோரி ஒரே ஒரு முறை மனு போடலாம். அதில் சுமை தலைகீழாகிறது: 'என்னால் இப்போது ஆபத்து இல்லை' என்று எதிர்மனுதாரரே (துப்பாக்கி பறிபோனவரே) தெளிவான சான்றோடு காட்ட வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் காலாவதிக்கு முந்தைய 30 நாளுக்குள் போலீஸ் மனு கொடுத்து மறுபடியும் முழுச் சான்று காட்ட வேண்டும்.

ஃப்ளோரிடாவின் முதல் மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

கரிசல்காடு:
சட்டநூலகம் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் ஃப்ளோரிடாவை மட்டும் காட்டினால் படம் வேறு மாதிரித் தெரியும். அது கட்டுப்பாடு கூடிய சட்டங்களில் ஒன்று.

மாநிலத்துக்கு மாநிலம் சான்றின் அளவே வேறு. நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் இறுதி உத்தரவுக்குக்கூட 'எந்தப் பக்கம் சற்றுக் கனமாக இருக்கிறது' என்ற சாதாரண சிவில் வழக்கின் அளவு போதும். தராசு ஒரு மயிரிழை சாய்ந்தால் தீர்ப்பு. மாசசூசெட்ஸில் அதற்காவது ஓராண்டு எல்லை உண்டு. நியூ ஜெர்சியில் இறுதி உத்தரவுக்குக் காலாவதியே கிடையாது. எதிர்மனுதாரர் நீதிமன்றம் போய் ரத்து வாங்கும்வரை நீடிக்கும். குறைந்த சான்று, முடிவில்லாத காலம், மீட்கும் சுமை தனிமனிதன் மேல். மூன்றும் ஒரே சட்டத்தில் சேரும்போது அதைத் 'தற்காலிகம்' என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

சிவில் நடைமுறையில் மனநல மருத்துவமனையில் ஒருவரைக் கட்டாயமாக அடைக்க எவ்வளவு சான்று வேண்டும் என்ற கேள்வி 1979-இல் ஆடிங்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாதாரணச் சிவில் அளவு போதாது, தெளிவான, நம்பத்தகுந்த சான்று வேண்டும் என்றார்கள். உடல் சுதந்திரமும் துப்பாக்கி உரிமையும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் நீதிபதி செய்வது ஒரே வேலை: ஒருவர் நாளை என்ன செய்வார் என்று இன்று கணிப்பது. பிழை நிறைய நடக்கும் வேலை அது. அதற்குக் கடினமான அளவுகோல்தான் பொருந்தும்.

முன்விசாரணை இல்லாமல் எடுப்பது பற்றி: 1972-இல் ஃபுவென்டெஸ் வழக்கில், தவணை கட்டாதவர் வீட்டு அடுப்பையும் ஸ்டீரியோவையும் முன்னறிவிப்பில்லாமல் தூக்கிப்போனதையே நீதிமன்றம் ஏற்கவில்லை. 1991-இல் டோயர் வழக்கில், வீட்டின் மேல் ஒருதரப்பாக ஜப்தி போட்டதையும் ஏற்கவில்லை. அடுப்புக்கு உள்ள பாதுகாப்பு அரசமைப்பே பெயர் சொல்லிக் காக்கும் பொருளுக்கு இருக்க வேண்டாமா?

அகல்:
கரிசல்காடு, அதே தீர்ப்புகள் விதிவிலக்கும் சொல்கின்றன. அவசரம் உண்மையாக இருந்தால் முதலில் எடுத்துவிட்டுச் சீக்கிரமே விசாரிக்கலாம். 1976-இன் மேத்யூஸ் வழக்கு தந்த மூன்று கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்: தனிமனிதன் இழப்பது எவ்வளவு, இந்த நடைமுறையில் பிழை நேர வாய்ப்பு எவ்வளவு, அரசின் தேவை எவ்வளவு. அடுப்பைத் தூக்குவதில் அவசரம் எதுவும் இல்லை. கடன்காரன் இரண்டு வாரம் பொறுத்தால் ஒருவரும் சாகப்போவதில்லை.

இங்கே முன்னறிவிப்புதான் ஆபத்து. 'உன் துப்பாக்கியை எடுக்க மனு வந்திருக்கிறது, பத்து நாள் கழித்து வா' என்று தற்கொலை எண்ணத்தில் இருப்பவர் கையில் தாளைக் கொடுத்தால் அந்தப் பத்து நாளில் என்ன நடக்கும்?

இந்தச் சட்டங்களைத் துப்பாக்கிச் சூடு நடந்த செய்திகளோடு சேர்த்தே பேசுகிறோம். ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணமும் பல பேருக்குச் சில மணி நேரத்தில், சில நாளில் தணிந்துவிடும். கனெக்டிகட்டில் 1999 முதல் 2013 வரை நடந்த 762 பறிமுதல்களை எடுத்து ஆராய்ந்தவர்கள் 10 முதல் 20 பறிமுதலுக்கு ஓர் உயிர் என்று மதிப்பிட்டார்கள். அது புள்ளியியல் மாதிரி வைத்துப் போட்ட மதிப்பீடு. ஒப்பிடத் தனிக் குழு வைத்த சோதனை அல்ல. அந்தக் குறையோடு சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்த உத்தரவு இல்லையென்றால் குடும்பத்துக்கு இருக்கும் மற்ற வழி கட்டாய மனநலச் சேர்க்கை. முறையாக நீதிமன்றம் வழியாக ஒருவர் அப்படிச் சேர்க்கப்பட்டால், கூட்டாட்சிச் சட்டம் 922(ஜி)(4)-இன்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை வந்துவிடும். அதற்குக் காலாவதி இல்லை; மாநிலத்தில் உரிமை மீட்பு வழி இருந்தால் அதில் போய்த்தான் வாங்க வேண்டும். ஓராண்டில் தானே விழுந்துவிடும் உத்தரவோடு ஒப்பிட்டால், துப்பாக்கி உரிமையை மதிப்பவர்களுக்கு எது மேல்?

பொட்டல்வெளி:
அகல், முதல் 14 நாளை விட்டுக்கொடுக்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். என் கவலை அந்த 14-ஆவது நாளில் நடப்பதைப் பற்றி. எதிரே மாவட்டத்தின் வக்கீல், சீருடை போட்ட அதிகாரி. இந்தப் பக்கம் தனியாள். இது சிவில் நடவடிக்கை என்பதால் அரசு செலவில் வக்கீல் கிடையாது. பொய் மனு வந்தால்? பிரிந்துபோன கணவனோ மனைவியோ காழ்ப்பில் கொடுத்தால்?

சட்டநூலகம்:
இரண்டும் சரியான கேள்வி. பொய் மனுவை முதலில் பார்ப்போம்.

பயந்த அளவுக்கு அது எளிதில்லை. ஃப்ளோரிடா, வர்ஜீனியா மாதிரி மாநிலங்களில் தனிமனிதர் மனுவே கொடுக்க முடியாது. வர்ஜீனியாவில் போலீஸ் அல்லது அரசு வழக்கறிஞர்தான் கொடுக்கலாம். கொடுக்கும் முன் தாங்களே தனியாக விசாரித்து, காரணம் இருக்கிறது என்று முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே இறுதி உத்தரவும் 180 நாள்தான். 1999-இல் கனெக்டிகட் முதன்முதலாக இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான்: இரண்டு போலீஸ் அதிகாரிகள் அல்லது அரசு வழக்கறிஞர், தனி விசாரணை, வேறு வழி இல்லை என்ற உறுதி, பிறகு நீதிபதி தரும் வாரண்ட்.

குடும்பத்தார் நேராகக் கொடுக்கலாம் என்ற மாநிலங்களில்தான் வடிகட்டி மெல்லியது. கொலராடோவில் சட்டம் நடப்புக்கு வந்த முதல் மாதமே, 2020 ஜனவரியில், ஒரு பெண் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் போலீஸ் அதிகாரி ஒருவர் மேல் மனு கொடுத்தார். தன் மகனைச் சுட்டவர் அவர். குடும்பத்தார்தான் கொடுக்க முடியும் என்பதால், அவரும் தானும் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் என்று பிரமாணத்தில் எழுதிவிட்டார். விசாரணையில் மனு தள்ளுபடி. பின்னால் பொய்ச்சத்தியத்துக்கு அவருக்குத் தண்டனையும் கிடைத்தது. சட்டத்தை எதிர்ப்பவர்கள் 'பார், எவரும் கொடுக்கலாம்' என்றார்கள். ஆதரிப்பவர்கள் 'பார், பிடிபட்டுவிட்டது' என்றார்கள். எனக்குத் தெரிவது: உறவுமுறையைப் பதிவாளர் மேசையிலேயே சரிபார்க்க வழியில்லாமல் விட்டது படிவத்தின் குறை.

தண்டனையைப் பொறுத்தவரை, ஃப்ளோரிடாவில் தெரிந்தே முக்கியமான பொய் சொன்னால் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம்.

வக்கீல் விஷயத்தில் பொட்டல்வெளியோடு முழுக்க உடன்படுகிறேன். 1981-இன் லாசிட்டர் தீர்ப்பு, சிவில் வழக்கில் சிறை அபாயம் இல்லையென்றால் அரசு வக்கீல் தரவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை என்றது. 2022 ஜூன் மாதக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களின் நெருக்கடித் தடுப்புத் திட்டங்களுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கியது. ரெட் ஃப்ளாக் திட்டம் நடத்த அந்தப் பணம் வேண்டுமானால் நேரில் விசாரணை, எதிர்ச்சான்றை அறியும் உரிமை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஆனால் வக்கீல் 'அரசுக்குச் செலவில்லாமல்' என்று அதே வரியில் எழுதிவிட்டார்கள். கொலராடோ மட்டும் இதில் துணிந்து முன்னால் போனது: எதிர்மனுதாரர் தானே வக்கீல் வைத்துக்கொள்ளாவிட்டால் நீதிமன்றமே மாநிலச் செலவில் ஒருவரை நியமிக்கிறது.

கரிசல்காடு:
அந்த வக்கீல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் போதும்: வாயைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவு.

விசாரணையில் எதிர்மனுதாரர் சொல்வது பதிவாகும். 'ஆமாம், கோபத்தில் துப்பாக்கியைக் காட்டினேன், ஆனால் சுடும் எண்ணம் இல்லை' என்று நேர்மையாகச் சொன்னால் உத்தரவு வராமல் போகலாம். அதே வாக்கியம் மறுநாள் மிரட்டல் வழக்கில் அவருக்கு எதிரான ஒப்புதல். சரி, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்னும் 5-ஆம் திருத்தத்தைச் சொல்லி மௌனமாக இருந்தால்? குற்ற வழக்கில் மௌனத்தை எதிராக எடுக்கக் கூடாது. சிவில் நடவடிக்கையில் எடுக்கலாம் என்று 1976-இன் பாக்ஸ்டர் தீர்ப்பு சொல்கிறது. பேசினாலும் அடி, பேசாவிட்டாலும் அடி. வக்கீல் இல்லாதவர் இந்தப் பொறியைப் பார்க்கக்கூட மாட்டார். நேராக நடந்துபோய் விழுவார்.

இதற்கு எளிய மருந்து உண்டு. இந்த விசாரணையில் எதிர்மனுதாரர் தரும் சாட்சியத்தைப் பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறு குற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். நீதிபதிக்கும் முழு உண்மை கிடைக்கும்.

வடகரை:
எல்லோரும் சட்டம் அளவுக்கு மீறிப் பாய்வதைப் பேசுகிறீர்கள். பாயவேண்டிய இடத்தில் பாயாமல் கிடந்ததையும் பேச வேண்டும். நான்கு இடத்திலும் சட்டம் புத்தகத்தில் இருந்தது.

இண்டியானா: 2005 முதல் சட்டம் இருக்கிறது. 2020 மார்ச்சில் தாய் புகார் சொல்லி, மகனின் ஷாட்கனைப் போலீஸ் எடுத்தது. அரசு வழக்கறிஞர் தரப்பு ரெட் ஃப்ளாக் விசாரணை கோரவில்லை. நீதிமன்ற உத்தரவு இல்லாததால், துப்பாக்கி வாங்கும்போது நடக்கும் பின்னணிச் சோதனையில் அவர் பெயர் வரவில்லை. அதே ஆண்டின் பிற்பாதியில் இரண்டு ரைஃபிளைச் சட்டப்படியே வாங்கினார். 2021 ஏப்ரலில் இண்டியானாபொலிஸ் ஃபெட்எக்ஸ் கிடங்கில் 8 பேரைச் சுட்டுக் கொன்றார்.

இல்லினாய்: 2019 செப்டம்பரில் குடும்பத்தாரைக் கொல்வேன் என்று சொன்னதற்காகப் போலீஸ் ஒருவரிடம் 16 கத்தி, ஒரு குறுவாள், ஒரு வாள் எடுத்தது. ரெட் ஃப்ளாக் மனு இல்லை. சில மாதத்தில் தந்தையின் ஒப்புதலோடு துப்பாக்கி அடையாள அட்டை. 2022 ஜூலை 4, ஹைலேண்ட் பார்க், 7 பேர்.

நியூயார்க்: 2021 ஜூனில் பள்ளியில் கொலை மிரட்டல் எழுதியவர் மனநலப் பரிசோதனைக்குப் போனார். மனு இல்லை. 2022 மே 14, பஃபலோ, 10 பேர்.

மெய்ன்: அங்கே அப்போது இருந்தது 'மஞ்சள் கொடி'. போலீஸ் முதலில் ஆபத்தானவர் என்று பட்டவரைக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவ மதிப்பீடு, பிறகுதான் நீதிபதி. உரிமைப் பாதுகாப்புக்காகவே படியைக் கூட்டினார்கள். லூயிஸ்டன் துப்பாக்கிச் சூட்டில் 18 பேர் இறந்த பிறகு, மஞ்சள் கொடியைத் தொடங்க ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போதிய காரணம் இருந்தது என்று மாநில விசாரணைக் குழு சொன்னது. ஆளைக் காவலில் எடுப்பதே முதல் படி என்றால் அந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. 2025 நவம்பரில் அந்த மாநில வாக்காளர்கள் ரெட் ஃப்ளாக் சட்டத்தை வாக்கெடுப்பில் ஏற்றார்கள்.

இண்டியானா நிகழ்வைக் கவனியுங்கள். துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள், விசாரணையைத்தான் விட்டார்கள். இருதரப்பு விசாரணை எதிர்மனுதாரருக்கு மட்டும் நன்மை என்று நினைக்கிறோம். நீதிபதியின் உத்தரவு இருந்தால்தான் புதிதாக வாங்குவதைத் தடுக்கும் பதிவு கூட்டாட்சிச் சோதனைப் பட்டியலுக்குப் போகும்.

பொட்டல்வெளி:
வடகரை சொன்ன கடைசிப் பத்தியை நான் யோசித்ததில்லை. நன்றி. ஆனால் அதே நிகழ்வில் போலீஸ் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் முதலில் எடுத்ததே?

கரிசல்காடு:
இண்டியானாவில் அது முடியும். போலீசுக்கே போதிய காரணம் தெரிந்தால் முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். மற்ற மாநிலங்களின் வரிசையே இதில் தலைகீழ். எனக்கு ஏற்பில்லை. 2021 மேயில் கனிக்லியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று சொன்னது: சாலையில் பழுதான வண்டியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும் 'சமூகப் பராமரிப்பு' அதிகாரம் வீட்டு வாசலைத் தாண்டாது. ரோட் ஐலண்டில் ஒருவரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் போய்த் துப்பாக்கிகளை எடுத்த வழக்கு அது. ரெட் ஃப்ளாக் சட்டங்களைப் பற்றி அதில் தீர்ப்பு இல்லை. நீதிபதி அலிட்டோ தனிக் குறிப்பில் அந்தக் கேள்வி இனிமேல் வரும் என்று சொல்லிவைத்தார்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். 'ஒப்படை' என்ற உத்தரவு வேறு, 'தேடு' என்ற வாரண்ட் வேறு. வீட்டைத் தேட 4-ஆம் திருத்தப்படி போதிய காரணம் வேண்டும். ஃப்ளோரிடாவின் முதல் படிக்கு வேண்டியது அதைவிட இளகலான சொல். ஆகவே ஒருதரப்பு உத்தரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வீட்டைக் கிளறலாம் என்று எந்த அதிகாரியும் நினைத்தால் பிழை. குடும்ப வன்முறை உத்தரவில் ஆயுதம் தேடும் வாரண்டுக்கு இதே கேள்வி 2019-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்துக்கு ஹெமன்வே வழக்கில் வந்தது. போதிய காரணம் இல்லாமல் முடியாது என்றார்கள்.

அகல்:
உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். மேரிலாண்டில் சட்டம் நடப்புக்கு வந்து ஐந்து வாரத்தில், 2018 நவம்பர் 5 அன்று, அதிகாலை ஐந்தே கால் மணிக்குப் போலீஸ் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. உத்தரவுக்கு உள்ளானவர் கையில் துப்பாக்கியோடு திறந்தார். கீழே வைத்தார். உத்தரவு என்னவென்று கேட்டுக் கோபப்பட்டு மறுபடியும் எடுத்தார். இழுபறியில் துப்பாக்கி வெடித்தது, யார் மேலும் படவில்லை. இன்னொரு அதிகாரி சுட்டதில் அவர் இறந்தார்.

இருட்டில் தட்டினால் துப்பாக்கி உள்ள வீட்டில் எவரும் துப்பாக்கியோடுதான் திறப்பார். பகலில், வீட்டுக்கு வெளியே, வேலைக்குப் புறப்படும்போதோ தொலைபேசியில் வரச்சொல்லியோ கொடுக்கலாம். முதலில் எந்தக் குற்றமும் சாட்டப்படவில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்து, திரும்பக் கிடைக்கும் நாளைச் சொல்ல வேண்டும். பிறகுதான் துப்பாக்கி எங்கே என்ற கேள்வி. அவரையே எடுத்துவரச் சொல்லக் கூடாது. இடத்தைச் சொன்னால் அதிகாரி எடுப்பார்.

தூறல்:
எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சின்னக் கேள்வி. கணவன் மேல் உத்தரவு வந்தால் மனைவி பெயரில் இருக்கும் துப்பாக்கியும் போகுமா? எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் எப்படி?

சட்டநூலகம்:
தூறல், ஃப்ளோரிடாவில் வேறொருவர் தனதென்று உரிமை கோரிக் காட்டினால் திருப்பித் தர வேண்டும். ஆனால் எதிர்மனுதாரருக்கு எட்டாத மாதிரி வைத்திருக்க வேண்டும். துப்பாக்கிப் பெட்டியின் பூட்டு எண் அவருக்கும் தெரியும் என்றால் எண்ணை மாற்றாமல் பயனில்லை. எதிர்மனுதாரரின் சொந்தத் துப்பாக்கிகளைக்கூடப் போலீஸ் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. பின்னணிச் சோதனையில் தேறி, அவருக்கு எட்டாமல் வைப்பேன், உத்தரவு நீங்கும்வரை திருப்பித் தரமாட்டேன் என்று உறுதி தரும் ஒருவருக்கு மாற்றலாம். ஈரக்கசிவில் துருப்பிடிக்கும் பழைய துப்பாக்கி உள்ளவர்களுக்கு இது நல்ல வழி.

எச்-1பி: ரெட் ஃப்ளாக் வரும் முன்பே கூட்டாட்சிச் சட்டம் நிற்கிறது. குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று 922(ஜி)(5) சொல்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரிச் சில விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. அவர் மேல் ரெட் ஃப்ளாக் உத்தரவு வந்தால் குடிமக்களுக்கு உள்ள அதே நடைமுறைதான்.

மேடுபள்ளம்:
உத்தரவு கையில் வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் முழுதாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எவ்வளவு அநியாயமாகப் பட்டாலும் முதலில் கொடுத்துவிடுங்கள். உத்தரவு தவறு என்பது ஒளித்துவைக்க அனுமதி ஆகாது. ஃப்ளோரிடாவில் மீறினால் அதுவே மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். பெருங்குற்றத் தீர்ப்பு வந்தால் 14 நாள் விஷயம் ஆயுள் தடையாகிவிடும்.

ரசீதை அங்கேயே படியுங்கள். தயாரிப்பு, மாடல், வரிசை எண், தொலைநோக்கி, உறை, மேகஸின் எண்ணிக்கை, தோட்டாப் பெட்டி எல்லாம் எழுதியிருக்கிறதா பாருங்கள். 'ரைஃபிள் 1' என்று மொட்டையாக எழுதினால் திரும்பும்போது எதைக் கேட்பீர்கள்? தாள் எழுதும்போதே போன் கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனுவின் நகலும் பிரமாணப் பத்திரத்தின் நகலும் அன்றே வாங்குங்கள். ஒவ்வொரு வரியாகப் பிரியுங்கள்: நேரில் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தேதி இல்லாதது எது, ஓராண்டுக்கு முந்தியது எது. ஃப்ளோரிடாவின் சட்டமே கடந்த 12 மாதத்துக்குள் நடந்த மிரட்டல், வன்செயலைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. பழைய கதைக்கு எடை குறைவு என்று நீதிபதியிடம் சொல்ல அதுவே பிடி.

வக்கீல் கிடைக்கவில்லையென்றால் வாய்தா கேட்கலாம். ஆனால் வாய்தா கேட்டால் தற்காலிக உத்தரவும் அதுவரை நீளும் என்று தெரிந்தே கேளுங்கள். மனு கொடுத்தவரை அழைத்துச் சமாதானம் பேச வேண்டாம். அந்த அழைப்பே அடுத்த சான்றாகிவிடும்.

அடுத்தது, பதிவு. சிவில் விசாரணையில் சுருக்கெழுத்தாளர் தானாக வருவார் என்று எண்ண வேண்டாம். பதிவு உண்டா என்று முந்தைய நாளே கேளுங்கள், இல்லையென்றால் ஏற்பாடு செய்யுங்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் காகிதத்தைத்தான் பார்க்கும். பதிவு இல்லாத விசாரணைக்கு மேல்முறையீடு ஏட்டுச்சுரைக்காய்.

உத்தரவு முடிந்ததும் துப்பாக்கி தானாக வீடு வந்து சேராது. எழுத்தில் கேட்க வேண்டும், போலீஸ் பின்னணிச் சோதனை செய்யும். சோதனைப் பட்டியலில் உங்கள் பெயர் நீக்கப்பட்டதா என்று தனியாகக் கேளுங்கள். நீதிமன்றக் கோப்பு மூடிய பின்னும் பட்டியலில் பெயர் தங்கிவிட்டால் அடுத்த முறை கடையில் வாங்கும்போது மறுப்பு வரும்.

அகல்:
மேடுபள்ளம் எழுதியதற்கு மறுபக்கம். மனு எழுதும் போலீசும் குடும்பமும் செய்யும் பிழை ஒன்றே: முடிவை எழுதுவார்கள், நடந்ததை எழுதமாட்டார்கள். 'அவர் மனநிலை சரியில்லை, ஆபத்தானவர்' என்ற வரிக்கு நீதிமன்றத்தில் எடையே இல்லை. 'செவ்வாய் இரவு 10 மணிக்கு, படுக்கையறையில், கைத்துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி மேசையில் வைத்துவிட்டு, நாளை நான் இருக்கமாட்டேன் என்று மகளிடம் சொன்னார். மகள் நேரில் கேட்டார்' என்பது சான்று. குறுஞ்செய்தி இருந்தால் எண்ணும் நேரமும் தெரியும்படி முழுத் திரைப் படம். மனநோய்ப் பெயரை மட்டும் வைத்து மனு கட்டாதீர்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. நீதிபதி பார்க்க வேண்டியது நடத்தையை.

வடகரை:
நியூயார்க்கில் அந்தக் கேள்விதான் நீதிமன்றம் போனது. 2022 டிசம்பரில் மன்றோ கவுன்டியில் விசாரணை நீதிபதி ஒருவர், மருத்துவர் கருத்து இல்லாமலே உரிமையைப் பறிக்கிறது என்று சொல்லிச் சட்டம் செல்லாது என்றார். 2024-இல் மேல்முறையீட்டுப் பிரிவின் இரண்டாம் துறை வேறொரு வழக்கில் செல்லும் என்று சொன்னது. அங்கே தற்காலிக உத்தரவுக்கே போதிய காரணம் வேண்டும். உத்தரவைக் கொடுத்தபின் 3 முதல் 6 வேலை நாளுக்குள் விசாரணை. 14 நாள் காத்திருக்கும் மாநிலங்கள் அந்தக் கால அளவை நியாயப்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

பொட்டல்வெளி:
2024 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ரஹீமி தீர்ப்பு வந்தபோது 'ரெட் ஃப்ளாக் எல்லாம் செல்லும் என்றாகிவிட்டது' என்று எழுதினார்களே?

கரிசல்காடு:
அதிகமாகச் சொல்கிறார்கள். ரஹீமியில் 8-1 என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியது: பிறர் உடலுக்கு நம்பத்தகுந்த அச்சுறுத்தல் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரைத் தற்காலிகமாக நிராயுதபாணி ஆக்கலாம். அந்த வழக்கு குடும்ப வன்முறை உத்தரவுக்கான 922(ஜி)(8) பற்றியது. அந்தப் பிரிவே முன்னறிவிப்பும் பங்கேற்கும் வாய்ப்பும் கிடைத்த விசாரணையைக் கேட்கிறது. ஆகவே இரண்டாம் படிக்கு, அதாவது இருதரப்பு விசாரணைக்குப் பிந்தைய ஓராண்டு உத்தரவுக்கு, ரஹீமி நல்ல துணை. ஒருதரப்பாக வரும் முதல் 14 நாளைப் பற்றி அதில் ஒன்றும் முடிவாகவில்லை. பிறருக்கு அல்லாமல் தனக்கே ஆபத்து என்னும் வழக்குகளையும் அது தொடவில்லை. நியூ ஜெர்சி மாதிரி காலாவதி இல்லாத உத்தரவுக்கு, தீர்ப்பில் வரும் 'தற்காலிகமாக' என்ற சொல்லே எதிராகத் திரும்பலாம்.

சட்டநூலகம்:
கரிசல்காடு சொன்ன கடைசி வரியோடு ஒத்துப்போகிறேன். ஒரு திருத்தம் மட்டும் கேட்கலாம் என்றால் நான் கேட்பது வக்கீல். அளவுகோல் தெளிவான சான்றாக இருந்தாலும் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால் அது தாளில் மட்டும் இருக்கும். கொலராடோ ஐந்தாண்டுக்கும் மேலாக நியமித்துவருகிறது. கூட்டாட்சிப் பணத்தின் நிபந்தனையில் இருக்கும் 'அரசுக்குச் செலவில்லாமல்' என்ற சொற்களை எடுத்தாலே மற்ற மாநிலங்களும் அதே பணத்தில் செய்யலாம்.

பொட்டல்வெளி:
அந்த நிபந்தனை வாசகம் ஒரு மாநிலம் தன் பணத்தில் வக்கீல் தருவதைத் தடுக்கிறதா?

சட்டநூலகம்:
தடுக்காது. அது குறைந்தபட்ச நிபந்தனை. கொலராடோ 2019-இல் சட்டம் இயற்றியபோதே அந்த ஏற்பாட்டை எழுதிவிட்டது, கூட்டாட்சிச் சட்டம் வந்தது 2022-இல். உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுவதாக இருந்தால் கொலராடோ மசோதாவின் ஹெச்பி 19-1177 என்ற எண்ணைக் குறிப்பிடுங்கள். வக்கீல் நியமிக்கும் வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.